பதினேழுக்கு எத்தனை போடறது

சித்த அந்தத் தகட்டைத் தட்டிப் பாருங்க தம்பி. உங்க முழங்கைக்குக் கீழ இருக்குதல்ல, அதுதான். வெரலை மடக்கித் தட்டோணும். கேட்டுச்சுங்களா? கும்முன்னு வருதா, லொடலொடன்னு வருதா? கும்முன்னுதான் வரும். அது நான் அடிச்ச தகடு.

இந்த பஸ்ஸுக்கு பாடி கட்டினது எங்க கம்பெனிங்க, கரூர்ல. சேசிஸ் மட்டும் வெறும் எலும்பா வரும். மேல கூடு கட்டி, தகடு அடிச்சு, சீட்டுப் போட்டு, பெயிண்ட் அடிச்சு ரோட்டுக்குத் தாட்டி உடறது எங்க வேலை. நான் டிங்கர். தகட்டை வளைச்சு, அடிச்சு, நேராக்கறவன். முப்பத்தி ஒரு வருசமாச்சு. பேரு சென்னியப்பன். காங்கேயத்துல எறங்கிக்குவேன், மச்சான் ஊட்டுக்கு. அது வரைக்கும் பேசிட்டுப் போலாம், நீங்களும் எத்தனை நேரந்தான் போனையே நோண்டுவீங்க.

நீங்க என்ன வேலைங்க? கம்ப்யூட்டரா. அட.

இல்லை இல்லை, சும்மாதான் மூஞ்சியத் திருப்பினேன். உங்க மேல ஒண்ணும் கோவமில்லைங்க. கம்ப்யூட்டருன்னு சொன்னாலே எனக்கு ஒரு ஆத்தரம் வரும். ஏன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

எங்க கம்பெனில எம்பத்தி நாலு பேரு. மூணு வருசத்துக்கு ஒருக்கா கூலி ஒப்பந்தம் போடோணும். பன்னெண்டு வருசம் சங்கத்துக்கு நான்தான் தலைவர். நாலு ஒப்பந்தத்துல என்ற கையெழுத்து இருக்குது. நான் ஒரே பேச்சுக்காரனுங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. நடுவுல ஒண்ணு என்ற வாயில வராது. ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் சொல்லுவாங்க.

பேச்சுவார்த்தைக்குன்னு எங்களுக்கு ஒரு முறை இருக்குது. நாங்க முப்பதுன்னு கேப்போம், முதலாளி அஞ்சுன்னு சொல்லுவாரு. நூத்துக்கு முப்பது, நூத்துக்கு அஞ்சு. மொத நாள் நான் நாற்காலியைத் தள்ளிப்போட்டு எந்திரிச்சு வந்துருவேன். அது வந்தே ஆகோணும். ஒரு தடவை மூட்டுவலின்னு மெதுவா எந்திரிச்சேன், முதலாளியே கேட்டாரு, ஏன் சென்னியப்பா கோவம் வரலையான்னு. ரெண்டாவது நாள் அவரு எந்திரிச்சுப் போவாரு. பொங்கியண்ணன்னு பேரு, தங்கமான மனுசன், காசு விசயத்துல மட்டும் கை வராது. இப்படியே வாரக்கணக்குல இழுத்து ஒரு எடத்துல வந்து நிக்கும்.

அது வரைக்கும் வேலையை நிறுத்த மாட்டோம். ஆனா முன்கண்ணாடி மாட்ட மாட்டோம். எத்தனை பஸ் ரெடியானாலும் சரி, டயரு, சீட்டு, லைட்டு எல்லாம் இருக்கும், மொகத்துல கண்ணாடி இருக்காது. கண்ணாடி இல்லாத பஸ்ஸை எவன் ஓட்டிட்டுப் போவான்? பஸ்காரங்க வந்து முதலாளிகிட்டக் கத்துவாங்க. நாங்க ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்னைக்கு அத்தனை பஸ்ஸுக்கும் சேத்துக் கண்ணாடி மாட்டி, தேங்கா ஒடைப்போம். இதை எந்தக் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க, சொல்லுங்க பாக்கலாம்.

போன தடவைக்கு முந்துன ஒப்பந்தம் நாப்பத்தோரு நாள் இழுத்துப்போச்சு. அதனால போன தடவை லேபர் ஆபீசர் ஒரு யோசனை சொன்னாரு. இன்ஜினியரிங் காலேஜ்ல ஒரு மேடம் இருக்கறாங்க, வான்மதின்னு பேரு, கூலிப் பேச்சுவார்த்தைக்குன்னே கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்ணி வெச்சிருக்கறாங்க, காசு ஒண்ணும் வேண்டாம், ஒருக்கா பாத்துருங்கன்னாரு. காசு வேண்டாம்னதும் முதலாளி ஒத்துக்கிட்டாரு. நானும் ஒத்துக்கிட்டேன். எதுக்குங்கறீங்க? அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியோட மூக்கை ஒடைக்கோணும்னுதான்.

ஃபஸ்ஸி லாஜிக்குன்னு அதுக்குப் பேராமா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மேடம் என்ன சொன்னாங்கன்னா, சாதாரண கம்ப்யூட்டருக்கு ஆமா, இல்லை ரெண்டுதான் தெரியும், இதுக்கு நடுவுல இருக்கறதெல்லாம் தெரியும். கொஞ்சம் திருப்தி, பாதி திருப்தி, பரவால்லை, இதெல்லாம் புரியுமாமா. ஆளுக்கு ஒரு காகிதம் குடுத்தாங்க. ஒரு பக்கம் அஞ்சுல இருந்து முப்பது வரைக்கும் பர்சண்ட்டு. எதுத்தாப்பல கட்டம். இத்தனை ஏத்திக் குடுத்தா உங்களுக்குப் பத்துக்கு எத்தனை திருப்தின்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதோணும். இவரு எழுதினதை அவரு பாக்கக் கூடாது. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல போட்டா, ரெண்டு பேரும் எந்த எடத்துல அதிகமா ஒத்துப்போவாங்கன்னு அது காட்டும்.

நான் சொன்னேன், மேடம், இருபத்தஞ்சு குடுத்தா எனக்குத் திருப்தி, குடுக்கலைன்னா இல்லை, இதுக்கு எதுக்கு இத்தனை கட்டம்னு. அந்தம்மா கேட்டுச்சு, இருபத்தி நாலு குடுத்தாக் கோவிச்சுக்குவீங்களான்னு. கோவிச்சுக்குவேன்னேன். இருபத்தி நாலரை? அதுக்கும் கோவிச்சுக்குவேன்னேன். சிரிக்கவே இல்லைங்க, எழுதி வெச்சுக்கிச்சு.

அப்பறம் வேலை நடக்கற எடத்தைப் பாக்கோணும்னு பட்டறைக்குள்ள வந்தாங்க. நான் ஒரு பஸ்ஸுக்குப் பக்கவாட்டுத் தகடு அடிச்சுக்கிட்டு இருந்தேன். இதே பஸ்ஸுதான்னு வெச்சுக்குங்களேன். அதுமேல கையை வெச்சு, இது நேரா இருக்குதுங்களான்னு கேட்டாங்க. நான் உள்ளங்கையால ஒரு தடவு தடவிப் பாத்துட்டு, முக்காலே மூணுவீசம் நேரா இருக்குதுங்க, மிச்சப் பள்ளத்துக்குப் பட்டி பூசினா சரியாயிரும்னேன். ஸ்கேல் வெச்சுப் பாக்க மாட்டீங்களான்னாங்க. ஸ்கேலுக்கு என்னங்க தெரியும், கைக்குத்தான் தெரியும்னேன்.

"என்ற பொட்டியும் அந்தக் கை மாதிரிதானுங்க," அப்படின்னாங்க.

அது எப்படிங்க ஆகும்? தகடு வேற, கூலி வேற. தகட்டுல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாப் பட்டி பூசிக்கலாம், கூலில என்னத்தைப் பூசறது? படிச்சவங்ககிட்டப் பேசி என்ன ஆகப்போகுதுன்னு சுத்தியலை எடுத்துத் தகட்டை அடிக்கப் போயிட்டேன்.

காகிதத்துல அஞ்சுல இருந்து இருபத்தி நாலு வரைக்கும் சைபர். இருபத்தஞ்சுல இருந்து பத்து. முடிஞ்சுது என்ற வேலை. முதலாளி என்ன பண்ணியிருக்கறாரு தெரியுங்களா? எட்டு வரைக்கும் பத்து, ஒம்பதுல இருந்து சைபர். கம்ப்யூட்டர் ரெண்டு கோடு போட்டுது. ஒண்ணு இந்தப் பக்கம் செவுரு, ஒண்ணு அந்தப் பக்கம் செவுரு, நடுவுல வெறும் பொட்டல். ஒத்துப்போற எடமே இல்லைன்னு வந்துருச்சு. நான் முதலாளியைப் பாத்தேன், முதலாளி என்னைப் பாத்தாரு. எங்களுக்கு அத்தனை சந்தோசம்.

மேடம் சொன்னாங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரி பொய் எழுதியிருக்கறீங்கன்னு. பொய்யி இல்லைங்க, இது பேரம்னு முதலாளியும் நானும் ஒண்ணாச் சொன்னோம்.

சரி, ரெண்டு பக்கமும் வேற ஒரு ஆளு எழுதட்டும், இதுதான் கடைசின்னாங்க. நானும் உட்டேன். இன்னொருக்கா மூக்கு ஒடையட்டுமேன்னுதான். எங்க பக்கம் ராமாத்தாகிட்டக் குடுத்தேன். சீட் செக்சன்ல ரெக்சின் தைக்கற பொம்பளை, சங்கத்துக்குப் பொருளாளர். புருசன் இல்லை, ரெண்டு புள்ளைங்க. பதினஞ்சு வருசத்துல என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் எழுதினதையே பாத்து எழுதிப்போடு ஆத்தான்னேன். இருபத்தி நாலு வரைக்கும் சைபரா போடறதுங்களாண்ணான்னு கேட்டா. ஆமான்னேன். சரிங்கண்ணான்னு வாங்கிட்டுப் போனா. முதலாளி அவரு சம்சாரத்துகிட்டக் குடுத்தாரு. கம்பெனில சம்பளக் கவரு போடறது அந்தம்மாதான். அவரும் இதே மாதிரிதான் சொல்லிக் குடுத்திருப்பாரு, சந்தேகமே வேண்டாம்.

மக்யாநாள் காலைல காகிதம் ரெண்டும் வந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டாங்க. செவுத்தைக் காணோம். இந்தப் பக்கமிருந்து ஒரு கோடு மெதுவா ஏறுது, அந்தப் பக்கமிருந்து ஒண்ணு மெதுவா எறங்குது, நடுவுல ஒரு எடத்துல ரெண்டும் தொட்டுக்குது. பதினேழு. ராமாத்தாளுக்கும் பத்துக்கு ஏழு திருப்தி, முதலாளியம்மாளுக்கும் பத்துக்கு ஏழு திருப்தி.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. ராமாத்தாளை வெளிய கூட்டிட்டு வந்து, ஏன் ஆத்தா, நான் என்ன சொன்னேன், நீ என்ன எழுதி வெச்சிருக்கறேன்னு கேட்டேன். அவ தலையக் கூடக் குனியலைங்க.

"பதினேழு வந்தா எனக்குப் பத்துக்கு ஏழு நிம்மதிதானுங்கண்ணா. அதைத்தானே கேட்டிருந்தாங்க."

பாத்தீங்களா? இதுதானுங்க அந்தப் பொட்டியோட சூழ்ச்சி. இதை மட்டும் நான் எந்தச் சபையிலயும் சொல்லுவேன். பட்டினி கெடக்கறவன்கிட்டப் போயி அரைச் சோறு போட்டா எத்தனை திருப்தின்னு கேட்டா, ஏழுன்னுதான் சொல்லுவான். எட்டுன்னு கூடச் சொல்லுவான். வயிறு நெறஞ்சவன் முழுச் சோத்துக்கே ஆறுதான் போடுவான். ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெச்சு நிறுத்துனா அது என்ன ஞாயம்? மேடத்துகிட்டயே கேட்டுப்போட்டேன். அந்தம்மாவும், நீங்க கேக்கறது சரிதானுங்க, அதை இது கண்டுபுடிக்காதுன்னு ஒத்துக்கிச்சு. ஒத்துக்கிச்சுங்க தம்பி, என்ற வாயால கேட்ட கேள்விக்குக் காலேஜ் மேடம் ஒத்துக்கிச்சு.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. என்ற மனசுல பதினாலு வந்தாலே கையெழுத்துதான்னு இருந்துச்சு. பதினேழெல்லாம் எங்க கம்பெனில யாரும் கண்ணால பாத்ததில்லை.

அப்பறம் ஏன் உட்டீங்கன்னு கேக்கறீங்களாக்கும். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பொட்டி குடுத்ததை நான் எப்படி வாங்கறது? அதை வாங்கிட்டா நான் எதுக்கு, சங்கம் எதுக்கு, அந்த நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிக்கறது எதுக்கு? நாளைக்கு ஆட்குறைப்புன்னு வரும், அதுக்கும் ஒரு காகிதம் குடுத்து, வேலை போனா எத்தனை வருத்தம், பத்துக்கு எத்தனைன்னு கேப்பான். நாம நாலா அஞ்சான்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதா? மாட்டேன்னுட்டேன். பதினேழும் வேண்டாம், பொட்டியும் வேண்டாம், இருபத்தஞ்சு வேணும்னு எந்திரிச்சுட்டேன். அன்னைக்கு மூட்டுவலியெல்லாம் இல்லைங்க, நாற்காலி செவுத்துல போயி மோதுச்சு.

இதுல ஒரு வேடிக்கை. முதலாளியும் அதே நேரத்துல எந்திரிச்சுட்டாரு. என்ற பொண்டாட்டி எழுதினதும் ஒரு கம்ப்யூட்டர் சொன்னதும் வெச்சுட்டா இந்தக் கம்பெனியை நடத்தறேன்னு அவரும் கத்துனாரு. ரெண்டு பேரும் ஒரே கதவுல இடிச்சுக்கிட்டு வெளிய வந்தோம். எதுத்தாப்பல பேக்கரில போயி ஒரே பெஞ்சில உக்காந்து டீ குடிச்சோம். அவருதான் காசு குடுத்தாரு. பன்னெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து.

அப்பறம் பழைய முறைதான். மேடத்தை வணக்கம் சொல்லித் தாட்டி உட்டோம். பத்தொம்பது நாள். அஞ்சு பஸ்ஸு கண்ணாடி இல்லாம வரிசையா நின்னுச்சு. அதுல நடுவுல நின்னது இந்த பஸ்ஸு. அந்தா ட்ரைவருக்கு முன்னால பாருங்க, அந்தக் கண்ணாடி பத்தொம்பது நாள் வைக்கோலுக்குள்ள கெடந்துச்சு. ஓவர்டைம் கெடையாது, புது சேசிஸ் வரலை. சில பேரு மொணகினாங்க. நான் ஒருத்தனையும் அசைய உடலை. மேல ஏற மாட்டேன்னு நின்ன முதலாளியை எட்டுல இருந்து பத்து, பத்துல இருந்து பன்னெண்டு, இஞ்சு இஞ்சா இழுத்தேன். பத்தொம்பதாவது நாளு பதினஞ்சுக்குக் கொண்டு வந்து கையெழுத்து வாங்குனேன்.

பதினஞ்சு தம்பி. முழுசா. எந்தப் பொட்டியும் குடுக்கலை, இந்தத் தொண்டை வாங்குன பதினஞ்சு. மால போட்டாங்க, வெடி வெச்சாங்க. வெடி நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன், அதுனால என்ன, வெடிச்சது உண்மைதானுங்களே. அஞ்சு பஸ்ஸுக்கும் கண்ணாடி மாட்டினோம். நான் மாலையோட ஒவ்வொரு செக்சனா போனேன். சீட் செக்சன்ல ராமாத்தா தைச்சுக்கிட்டு இருந்தா. பாத்தியா ஆத்தா, பொட்டியை ஜெயிச்சுட்டோம்னேன். மிஷினை நிறுத்தாமயே சொன்னா.

"ரெண்டு பர்சண்ட்டு எனக்கு மாசம் எரநூத்தி எம்பதுங்கண்ணா. மூணு வருசத்துக்குப் பத்தாயிரம். அந்த ரெண்டு உங்க ஊட்டுக்கும் வரலைங்க."

கணக்குல கெட்டிக்காரி, பொருளாளர்னா சும்மாவா. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். சிரிச்சேன்னு சொல்ல முடியாது, ஒரு மாதிரி சிரிச்சேன்.

அந்த வருசமே சங்கத் தேர்தல் வந்துச்சு. நானே போதும்னு உட்டுக் குடுத்துட்டேனுங்க, பொம்பளைங்களும் வரட்டுமேன்னு. ஓட்டுன்னு ஒண்ணு போட்டாங்க, சும்மா சாங்கியத்துக்கு. எம்பத்தி நாலுல எனக்குப் பதினொண்ணு விழுந்துச்சு. பதினோரு பேரு மலை மாதிரி நம்ம பக்கம் நின்னாங்க. இப்ப ராமாத்தாதான் தலைவி. என்ற ஊட்டுக்காரி அதுக்கப்பறம் ஒரு மாசம் என்னோட சரியாப் பேசலை. அவளுக்கும் எங்கியோ கணக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளகோவில் தாண்டிட்டோமா? தாண்டிட்டோம்.

இப்ப மூணு வருசம் முடிஞ்சுது. மறுபடியும் ஒப்பந்தம். அந்த மேடத்தை ராமாத்தாளே போயிக் கூட்டிட்டு வந்திருக்கறா. ஆனா ஒரு சண்டை போட்டிருக்கறா. அன்னைக்கு எங்கண்ணன் கேட்ட அரைச்சோத்துக் கேள்விக்கு வழி பண்ணிட்டு வாங்க, இல்லாட்டி வேண்டாம்னுட்டாளாம். ஒரு ஆளு சோத்துக்கு, வாடகைக்கு, புள்ளைங்க படிப்புக்கு எத்தனை வேணும்னு கணக்குப் போட்டு, அதுக்குக் கீழ எதுக்கும் திருப்தியே கெடையாது, அங்கெல்லாம் சைபர்தான்னு எழுதி வெச்சுட்டாங்களாம். பன்னெண்டு வரைக்கும் சைபரு அச்சடிச்சே வருது. யாரு கேட்ட கேள்வி அது? இந்தச் சென்னியப்பன் கேட்டது. என்ற பேரை எங்கியும் போடலை, போகட்டும்.

இந்தத் தடவை ஒருத்தர் எழுதறது இல்லை. எம்பத்தி நாலு பேரும் எழுதோணும். எல்லாரும் குடுத்துட்டாங்க. நான் குடுக்கலை. நாளைக்குக் காலைல கடைசி. நேத்து ராமாத்தா என்ற பட்டறைக்கே வந்து, அண்ணா, உங்க காகிதம் இல்லாம நான் கம்ப்யூட்டர்ல போட மாட்டேன், எம்பத்தி மூணு பேரு காத்துக்கிட்டு இருக்கறோம்னா. முன்கண்ணாடி மாட்டாம நிறுத்தறதை எங்கிட்டயிருந்துதானே கத்துக்கிட்டா, இப்ப எனக்கே நிறுத்தறா.

இதோ, சட்டைப் பையிலதான் வெச்சிருக்கறேன். நாலு நாளா இங்கியேதான் கெடக்குது, மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சுபோச்சு. பேனா இருக்குதுங்களா? பஸ்ஸு ஆடுது, என்ற கைக்கு வேற சரியா வராது. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. கம்ப்யூட்டர்காரருக்கு இது புதுசா.

பன்னெண்டு வரைக்கும் அவங்களே போட்டுட்டாங்களா, சரி. பதிமூணுக்கு சைபர். நல்லா வட்டமாப் போடுங்க. பதினாலுக்கும் சைபர். மனசுல என்ன இருந்தா என்ன, சைபரு போடுங்க. பதினஞ்சுக்கு... பதினஞ்சுல மூணு வருசம் பொழைச்சுப் பாத்தாச்சு தம்பி. அதுல ஒரு மண்ணும் இல்லை. என்ற கையெழுத்துதான், அதுக்காக அதுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா. சைபர். பதினாறுக்கும் சைபர்.

பதினேழுக்கா.

இருங்க. எழுதிப்போடாதீங்க. அந்தக் கட்டத்தை அப்படியே உட்டுட்டு மேல போனா ஆகாதா? பதினெட்டுல இருந்து முப்பது வரைக்கும் பத்து, அதெல்லாம் போட்டுருங்க. போட்டாச்சா? அது வெறுங்கட்டமா இருந்தா வாங்கிக்க மாட்டாங்களா? ஆமா, வாங்கிக்க மாட்டா அவ, ரெக்சின் தையல் மாதிரி ஒரு எடம் உட மாட்டா.

கண்டக்டர் காங்கேயம்ங்கறாரு. எறங்கோணும். அந்தப் பையை இப்படிக் குடுங்க.

ஏழு. ஏழுன்னு போடுங்க தம்பி. ஏழுன்னா ஏழுதான், ஆறே முக்காலுன்னு எவன் வந்து கேட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.